மொழியை நன்கறிந்த ஒருவர்

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பு வேலை தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. அதிகாரி ஓர் ஊரில், விண்ணப்பக்காரர் இன்னோர் ஊரில், மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டுக் குசினியில். போன மாதம் பழைய சகாக்கள் என்னைக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். தமிழுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வந்திருந்த ஒரு பிள்ளை, ஒஸ்லோவிலேயே பிறந்தவள், கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லதாப் போச்சு அங்கிள். தொல்க் எண்டால் இடைவேளையிலை கொரிடோர் கதிரையிலை தனியக் குந்த வேணும் எண்ட தண்டனை எங்களுக்கு இல்லை."

தொல்க் என்றால் இங்கே வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள், இருபது நிமிடம், அந்தக் கதிரையில் நான் இருக்காமல் விட்டேன். அதனால் ஒரு பெண்ணையும் அவளுடைய மகளையும் இந்த நாடு திருப்பி அனுப்பப் பார்த்தது. அதை நான் இதுவரை எழுதவில்லை. என் மனைவிக்கும் என் மேலதிகாரிக்கும் ஓர் அதிகாரிக்கும் பிறகு நடந்த மேல்முறையீட்டு விசாரணையில் இருந்தவர்களுக்கும்தான் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தான். எழுபதுகளில் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனவன். முதல் ஆண்டு முழுவதும் மொழிதான். எங்களுக்குப் படிப்பித்த அம்மையார் வாயைத் திறந்தால் வானொலி கேட்கத் தேவையில்லை, அப்படியொரு உச்சரிப்பு. எனக்கு அந்த மொழியில் பைத்தியமே பிடித்துவிட்டது. பொறியியலில் நான் சுமார், ரஷ்ய மொழியில் முதலாவது. கடைக்காரி, பஸ் சாரதி, விடுதிக் காவலாளி, எல்லாரும் "எங்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறாயே" என்பார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறினது ஏறினதுதான், இறங்கவேயில்லை. பிறகு ஊரில் கலவரம், திரும்ப முடியாத நிலை, நோர்வேயில் தஞ்சம், வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நீண்ட வருடங்கள். மீன் வெட்டியதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. குளிர், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லை திறந்தது, ரஷ்யக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. ரஷ்யன் தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கப்பலில் ஏறினேன். கப்டன் முன்னால் போய் நின்று, நான் படித்த முறைப்படி, "வணக்கம், தோழர் கப்டன்" என்றேன். தளத்தில் நின்ற ஏழெட்டுப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். கப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பகிடி பண்ணுகிறேனா, வேவு பார்க்க வந்தவனா என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு ஒருவன் சிரிக்கத் தொடங்க எல்லாரும் சிரித்தார்கள். நாடு போய்விட்டது, தோழர் எங்கே இருக்கிறார் என்று ஒரு கிழவன் கேட்டான். அப்படியென்றால் இப்போது எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்றேன். ஆளையாள் பார்த்தார்கள். ஒருவருக்கும் சரியான விடை தெரியவில்லை. எழுபது வருடம் கூப்பிட்ட சொல்லைக் கழற்றி எறிந்தவர்களிடம் மாற்றுச் சொல் இருக்கவில்லை. அன்றைக்கே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பாவங்கள், நல்ல மொழியைக் கெடுத்துப்போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பரீட்சை எழுதி, தஞ்சம் கேட்டு வருபவர்களின் நேர்காணல்களுக்கு முழுநேர மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அம்மருட்டில் ஒரு மாடிக்குடியிருப்பில் வீடு. எங்கள் பிரிவின் தலைவி துரிட் என்ற ஐம்பது வயது நோர்வேஜியப் பெண். உயரம், நரைத்த குட்டை முடி, எந்த நேரமும் காதில் ஒரு பென்சில். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "யாவெல்" என்று ஒரு சொல் சொல்வாள். "அப்படியா" என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யாவெலுக்குப் பயந்து இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள்.

அவளுடைய விதிகள் நாலைந்துதான். நேர்காணல் அறையில் மேசையின் ஒடுங்கிய பக்கத்தில் இரு, இரண்டு பேருக்கும் ஒரே தூரம். விண்ணப்பக்காரர் "நான்" என்றால் நீயும் "நான்" என்றே சொல், "அவர் சொல்கிறார்" என்று சொல்லாதே. அவர் ஏசினால் ஏசு. அவர் அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையாகச் சொல், பூசி மெழுகாதே. கடைசியில் அதிகாரி தட்டெழுதியதை முழுவதும் திருப்பி வாசித்துக் காட்டு, அவர் திருத்தட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடட்டும். இடைவேளையில் கொரிடோர் கதிரையில் தனியாக இரு. அதிகாரியோடு கோப்பி குடிக்காதே. விண்ணப்பக்காரரோடு சிகரட் பிடிக்காதே.

"நான் காச நோயாளியோ, எல்லாரிலையும் இருந்து ஒதுக்கி வைக்க?" என்று வீட்டில் மனைவியிடம் கத்தியிருக்கிறேன். என் மனைவி ராணி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். "அங்கை இருந்தாவது வாயை மூடிக்கொண்டிருக்கிறீங்கள்தானே, நல்ல விதி" என்று சொல்லுவாள்.

இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில், ரஷ்யப் படை புகுந்திருந்த செச்னியாவில் இருந்து ஆட்கள் நிறைய வந்தார்கள். அவர்களுக்குத் தாய்மொழி வேறு. ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத நாட்களில் ரஷ்யனில் பேசச் சம்மதமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மாலிகாவும் சம்மதித்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புத் தலைத்துணி, மெலிந்த கை. ஏழு வயது மகளை அடுத்த அறையில் ஒரு உதவியாளரோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். கிராமப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ரஷ்ய மொழியும் இலக்கியமும் படிப்பித்தவள் என்று முதலில் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். நீண்ட நாளைக்குப் பிறகு நல்ல ரஷ்யன் கேட்கப்போகிறேன் என்று நிமிர்ந்து இருந்தேன்.

பிறகு அவள் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் பேசியதை நான் எங்கள் தமிழில்தான் சொல்ல முடியும். சென்றி என்றால் எங்களுக்கு இராணுவச் சோதனைச் சாவடி.

"விடிய வந்து அள்ளிக்கொண்டு போனாங்கள். பதினொரு நாள் நான் சென்றியிலை போய் நிண்டனான். அவனைப் போட்டிட்டாங்கள். பிறகு, சாமான் கிடக்கு, வந்து எடு எண்டாங்கள். போய்ச் சாமானை எடுத்தனான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பியின் உடலைச் சாமான் என்கிறாள். இடையிடையே வந்த மற்றச் சொற்களை நான் எழுத மாட்டேன். மொஸ்கோவில் சிறைக்குப் போய் வந்தவர்கள் சந்துமுனையில் நின்று பேசுகிற சொற்கள், ஆண்கள்கூடத் தாய் முன்னால் சொல்லாத சொற்கள். அவளுடைய குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. இலக்கியம் படிப்பித்த ஆசிரியையின் வாயா இது என்று எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபத்தில் நான் என்ன செய்தேன் என்றால், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து நோர்வேஜிய மொழியில் கொடுத்தேன். "என் தம்பி கொல்லப்பட்டான். உடலைப் பெற்றுக்கொள்ளும்படி அறிவித்தார்கள்." எரிக் அதை அப்படியே தட்டெழுதினான்.

எரிக் நேர்காணல் அதிகாரி. முப்பது வயதுக்குள், மரியாதையான பையன். மாலிகா அழாமல் பேசியதைப் பார்த்து அவனே தண்ணீரை ஊற்றி அவள் பக்கம் தள்ளினான். இதைச் சொல்வதற்குக் காரணம், பிழை அவனில் தொடங்கவில்லை.

பதினொரு மணிக்கு இடைவேளை. நான் கொரிடோர் கதிரையை நோக்கிப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நோர்வே அலுவலகங்களில் வாஃபிள் என்ற இனிப்பு ரொட்டி சுடுவார்கள், வாசம் கட்டடம் முழுக்க வரும். எரிக் கதவில் நின்று, "எத்தனை வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறீர்கள்? வாருங்கள், ஒரு வாஃபிள் சாப்பிடுங்கள்" என்றான்.

போனேன். ஏன் போனேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பசி இல்லை. அந்த மேசையில் ஆறேழு அதிகாரிகள் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். ஜாம் தந்தார்கள். எரிக் மற்றவர்களிடம், "இவர் மொஸ்கோவில் படித்தவர்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டான்: "அவளுடைய ரஷ்யன் எப்படி? ஆசிரியையின் மொழியா?"

எனக்குத் தெரியாது, அது என் வேலையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியில் அந்த வசனத்தை எங்களுக்கு மனப்பாடமே பண்ணித் தந்திருந்தார்கள். நான் வாஃபிளை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். சுத்தமான ரஷ்யன் எப்படி இருக்கும், சிறைக்காரர் ரஷ்யன் எப்படி இருக்கும், படித்த பெண் எதைச் சொல்வாள், எதைச் சொல்லமாட்டாள். "ஆசிரியை இப்படிப் பேசவே மாட்டாள். இது கள்ளர் கூட்டத்தில் பழகினவர்களின் பேச்சு" என்று முடித்தேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். ஒரு பெண் எனக்கு இன்னொரு வாஃபிள் வைத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு எரிக்கின் கேள்விகள் கட்டையாகிவிட்டன. தண்ணீர்ச் சாடியை அவன் தொடவேயில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் திருப்பி வாசிக்கும் நேரம் வந்தது. அவன் எழுதியதை நான் என் மொஸ்கோ ரஷ்யனில் பக்கம் பக்கமாக வாசித்தேன். தம்பியின் இடம் வந்தபோது மாலிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இப்பிடிச் சொல்லேல்லை," என்றாள். பேனையை எடுத்துக்கொண்டு, "சரி, விடுங்கோ."

எரிக் என்னவென்று கேட்டான். "சரி என்கிறாள்" என்றேன். அவள் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தாள்.

நாலு மாதம் கழித்து க்ரொன்லாந்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. ரஷ்யன், ஒரு மணித்தியாலம், நிராகரிப்புக் கடிதத்தை வாசித்து விளக்க வேண்டும். பெயர் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் மாலிகா இருக்கிறாள், பக்கத்தில் மகள் தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். முதலில் வேலை செய்த மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரமும் வரக்கூடாது என்று சட்டம் இல்லை. ரஷ்யனுக்கு அப்போது ஆட்களும் குறைவு. மாலிகா என்னைக் கண்டு தலையசைத்தாள். தெரிந்த முகம் என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

வழக்கறிஞர் கடிதத்தை என்னிடம் தந்தார். நேரே பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். முதலாம் பக்கம் சட்டம், இரண்டாம் பக்கம் அவளுடைய கதையின் சுருக்கம். மூன்றாம் பக்கத்தில் நடுவில் இப்படி இருந்தது: விண்ணப்பதாரரின் பேச்சுமுறை அவர் கூறும் ஆசிரியர் தொழிலுக்குப் பொருந்தவில்லை என்றும், குற்றச் சூழலில் பழகியவர்களின் பேச்சுக்கு நெருக்கமானது என்றும், மொழியை நன்கறிந்த ஒருவர் தெரிவித்துள்ளார். ஆகவே அவர் தன்னைப் பற்றியும் தம்பியின் மரணத்தைப் பற்றியும் கூறியவற்றை நம்ப முடியவில்லை.

அந்த இடத்தை மனதுக்குள் இரண்டாம் தரமும் வாசித்தேன். வழக்கறிஞர் எழுத்து விளங்கவில்லையா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். வாஃபிள் மேசையில் நான் அள்ளி விட்ட வார்த்தைகள் ஒன்றும் மாறாமல் அரசாங்க முத்திரைக்குக் கீழே கிடந்தன. அதை நானே அவளுடைய முகத்தைப் பார்த்து அவளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். நல்ல இலக்கண சுத்தமான ரஷ்யனில் சொன்னேன்.

மாலிகா அந்த மூன்றாம் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "ஆர் அந்த ஆள்? மொழியை நல்லாத் தெரிஞ்ச ஆள்?" என்று கேட்டாள்.

நான் அந்தக் கேள்வியை வழக்கறிஞருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர், "தெரியவில்லை. பெயர் போடவில்லை. கேட்டு எழுதுவோம்" என்றார். நான் மாலிகாவிடம் திரும்பி, "தெரியவில்லை. கேட்டு எழுதுவோம்" என்றேன். கேள்வியும் என் வாயால் போனது, பதிலும் என் வாயால் வந்தது. இடையில் இருந்த உண்மையை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணித்தியாலம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. மகள் வரைந்த படத்தில் ஒரு நாய் இருந்தது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் போய் ராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டாள்.

"நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? ஆனா நீங்கள் கெடேல்லை. அந்தப் பிள்ளையைக் கெடுத்துப்போட்டீங்கள்."

"நான் பொய் சொல்லேல்லை, ராணி. அவளின்ரை பேச்சு அப்பிடித்தான். படிப்பிச்ச ஒரு மனிசி அப்பிடிக் கதைப்பாளோ?"

ராணி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"சமாதான காலத்திலை ஊருக்குப் போனம். என்ரை தங்கச்சி வானுக்கை இருந்து சென்றியிலை ஆமிக்காரனோடை சிங்களத்திலை என்ன கதைச்சவள் எண்டு நினைவிருக்கோ? நீங்கள்தானே பிறகு கேட்டுப்போட்டுக் கூசினனீங்கள். அவள் சிங்களம் எங்கை படிச்சவள்? பள்ளிக்கூடத்திலையோ? ஆமிக்காரன்ரை வாயிலை இருந்துதானே. அவன்ரை பாசையிலை பகிடி விட்டால்தான் பையைக் கிளறாமல் விடுவான். அவள் கள்ளியோ?"

நான் அப்போதுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன்.

"ஏன், எங்கடை தமிழிலை? மண்டையிலை போட்டிட்டாங்கள் எண்டு சொல்லுறம். ஆளைத் தூக்கிட்டாங்கள் எண்டு சொல்லுறம். உங்கடை அப்பா கதைச்ச தமிழோ அது? மொஸ்கோவிலை இருந்து உங்களுக்கு ரஷ்யன் தெரியும். சென்றி தெரியாதோ? யாழ்ப்பாணத்தானுக்குச் சென்றி தெரியாதோ?"

அந்தக் கேள்வியில் நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. என் சொந்த மைத்துனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்ணுக்கு நான் பொருத்திப் பார்க்கவில்லை. அகதி என்று இந்த நாட்டுக்கு வந்த நான், இன்னோர் அகதியின் வாயைப் பார்த்து அவளைக் கள்ளி என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு என்னையே அருவருத்தது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் துரிட்டின் அறைக்குப் போனேன். அவள் கதவைச் சாத்தினாள், காதில் இருந்த பென்சிலை எடுத்தாள்.

"விளக்கம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்," என்றாள். "யார் கேட்டது? எத்தனை நிமிடம்? உங்கள் வாயில் இருந்து வந்த சொற்கள் எவை? அதேபடி."

ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினாள். நான் "அப்போது என் மனநிலை" என்று தொடங்கினால் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், நான் அதை விட்ட பிறகுதான் கீழே இறக்குவாள். திருப்பி வாசித்தபோது அந்தப் பெண் "நான் இப்படிச் சொல்லவில்லை" என்றதையும் நான் மறைத்ததையும் சொன்னேன். அதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. துரிட் அந்த இடத்தில்தான், "யாவெல்" என்றாள்.

எழுதி முடிந்ததும் நாலு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். திருத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்க முடிவிலும் கேட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினாள். அத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் இப்படிக் கையெழுத்து வாங்க நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அன்றுதான் அந்தப் பென்சிலுக்கு முன்னால் இருப்பது என்னவென்று தெரிந்தது. சொந்தக் கதையே பொய் மாதிரிக் கேட்கிறது.

"இது இன்றைக்கே வழக்கறிஞருக்கும் மேல்முறையீட்டுக்கும் போகும்," என்றாள் துரிட். "ஒரு வருடம் உங்களுக்கு வேலை இல்லை. எனக்கு உங்களைப் பிடிக்கும். அது இதற்குள் வராது."

அந்த ஒரு வருடம் நான் செய்தது ரஷ்யத் தொலைக்காட்சி பார்த்ததுதான். எங்கள் பிரிவில் லேனா என்று ஒரு இளம் மொழிபெயர்ப்பாளர் இருந்தாள், ரஷ்யாவின் முர்மான்ஸ்க்கில் பிறந்தவள். இடைக்கிடை வீட்டுக்கு வருவாள். ஒருநாள் செய்தியில் ஒரு பெரிய அரசியல்வாதி சிறைச்சொல் ஒன்றைச் சொல்லிப் பகைவரை மிரட்டினார். நான் துள்ளி எழும்பினேன். லேனா தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இதற்கா எழும்புகிறீர்கள்? நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு ஆசிரியர் இப்படித்தான் பேசுவார். உங்கள் சோவியத் நாடு உடைந்தபோது சம்பளம் நின்றது, சிறைக்காரரும் வியாபாரிகளும் மேலே வந்தார்கள், அவர்களோடு அவர்களுடைய பேச்சும் மேலே வந்தது. நாங்கள் அதில்தான் வளர்ந்தோம். நீங்கள் பேசுகிற ரஷ்யனை நான் பழைய படங்களில்தான் கேட்டிருக்கிறேன்."

விளம்பரம் முழுக்க ஆங்கிலச் சொற்கள். அமைச்சர் வாயில் சிறைச் சொற்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இன்னொன்று. மாலிகாவின் தம்பியைப் போன்றவர்களை வீடு வீடாகப் புகுந்து அள்ளிப்போன அந்த வேலைக்குச் செய்தி வாசிப்பவர் ஒரு சொல் வைத்திருந்தார். தமிழில் சொன்னால் துப்புரவு. வானொலி உச்சரிப்பில், மொஸ்கோவில் அந்த அம்மையார் எனக்குப் படிப்பித்த அதே உச்சரிப்பில், முடி கலையாமல் அதைச் சொன்னார். நான் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு வெளியே போய் நடந்தேன். அழுக்கான சொல் பேசியவளை அழுக்கானவள் என்றேன். சுத்தமான சொல் பேசியவனிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மேல்முறையீட்டு விசாரணை அடுத்த வசந்தத்தில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. மொழிபெயர்ப்பாளர் லேனா. நான் சாட்சி. என் பழைய இடமான மேசையின் ஒடுங்கிய பக்கத்தில் லேனா இருந்தாள். நான் நோர்வேஜிய மொழியில் சொல்லச் சொல்ல, அவள் "நான்" என்றே சொல்லி மாலிகாவுக்கு ரஷ்யனில் கொடுத்தாள்: "நான் அவளுடைய மொழியைப் பற்றிக் கருத்துச் சொன்னேன். நான் அவள் சொன்னதை மாற்றிச் சொன்னேன்." மாலிகா என்னைப் பார்க்கவில்லை, லேனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் நேரே ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் குழுத்தலைவர் மாலிகாவிடம் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். மேசையில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு, வகுப்பில் நிற்பது போல நின்று பேசினாள். நான் மொஸ்கோவில் முதல் ஆண்டில் கேட்ட ரஷ்யன். ஒரு சொல் பிசகாத, மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே விட்ட ரஷ்யன்.

"மதிப்புக்குரியவர்களே, இந்த மொழியும் எனக்குத் தெரியும். இதைத்தான் பதினொரு ஆண்டுகள் கற்பித்தேன். சோதனைச் சாவடியிலும் முதல் நாள் இந்த மொழியில்தான் கேட்டேன். தயவுசெய்து என் சகோதரனைப் பற்றித் தகவல் தாருங்கள் என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். எங்கே படித்தாய், யாருக்கு எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்டு என்னை ஒரு நாள் முழுவதும் குழிக்குள் நிறுத்தினார்கள். பதினோராம் நாள் அவர்களுடைய மொழியில் கேட்டேன். சாமானைத் தா என்று கேட்டேன். தந்தார்கள். என் சகோதரனின் உடலை என்று கேட்டிருந்தால், அவன் இன்னும் அங்கேதான் கிடப்பான்."

லேனா மொழிபெயர்த்தாள். சாமானைச் சாமான் என்றே சொன்னாள். நான் தலையைக் குனிந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன், அத்தனை பேர் முன்னால் அழுதேன். ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது சரிதான்.

ஆறு வாரத்தில் மாலிகாவுக்கும் மகளுக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது. துரிட் எனக்கு அதைத் தொலைபேசியில் சொன்னாள், ஒரே வசனம். வருடம் முடிந்ததும் என்னைத் திரும்ப எடுத்தாள். ஓய்வு பெறும் வரை நான் அந்தக் கொரிடோர் கதிரையை விட்டு அசையவில்லை. எரிக் வேறு வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் என்னிடம் வந்து, தானும் கேட்டிருக்கக் கூடாது, எழுதியிருக்கவும் கூடாது என்று சொன்னான்.

மாலிகாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதை ரஷ்யனில் தயார்பண்ணி வைத்திருந்தேன். நடக்கும்போதும் ரயிலிலும் சொல்லிப் பார்ப்பேன், சொல்லை மாற்றுவேன், திரும்பவும் சொல்லிப் பார்ப்பேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக நல்ல ரஷ்ய வசனங்கள் அவை. விலாசம் தேடிப் போக எனக்கு உரிமை இல்லை. ஆகவே காத்திருந்தேன்.

நாலு வருடம் கழித்து லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலைய மேடையில் அவளைக் கண்டேன். தோளில் பை, பக்கத்தில் உயர்ந்து வளர்ந்துவிட்ட மகள். என்னை அடையாளம் கண்டு அவளே நின்றாள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு ரஷ்யனில் வணக்கம் சொல்லித் தொடங்கினேன். அவள் கையைச் சற்றே உயர்த்தினாள்.

"வேண்டாம்," என்றாள் நோர்வேஜிய மொழியில், கோபமில்லாமல். "இப்போது நான் இதைத்தான் பேசுகிறேன். இங்கே ஒரு சிறுவர் பள்ளியில் வேலை."

"மகளுக்கு ரஷ்யன்?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எழுந்து நின்று பேசியதுதான் கடைசி. அதற்குப் பிறகு நான் ரஷ்யன் பேசவில்லை. யாருடனும் இல்லை."

ரயில் வந்துவிட்டது. மகள் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். நாலு வருடமாகத் தயார்பண்ணிய அத்தனை வசனமும் அவள் மூடிவிட்ட மொழியில் இருந்தது. என் நோர்வேஜிய மொழியில் எனக்கு வந்தது ஒரே ஒரு சொல். ரயில் நெரிசலில் ஒருவரின் காலை மிதித்தால் சொல்வோமே, அந்தச் சொல். அதைத்தான் சொன்னேன்.

"பரவாயில்லை," என்றாள் மாலிகா, காலை மிதித்தவனுக்குச் சொல்வது போல. பிறகு ஏறிவிட்டாள்.